வீட்டு லேப்பில் விலேன் ரவுட்டிங்: சுவிட்ச்சிடம் விடுவதா, ரவுட்டரிடம் விடுவதா?

பெட்டியில் போட்டிருக்கும் '88 ஜிபிபிஎஸ்' என்ற எண்ணை நம்பி சுவிட்ச் வாங்காதீர்கள். 24 கிகாபிட் போர்ட்டும் மாட்யூல் செருகும் இரண்டு 10 கிகாபிட் எஸ்எஃப்பி+ போர்ட்டும் சேர்ந்தால் 44, போக வர 88. ஒரே விலேனுக்குள், அதாவது ஒரே சுவிட்ச்சில் தனியாகப் பிரித்த ஒரு வலையமைப்புக்குள், ஓடும் வேகம் அது. கேமரா விலேனிலிருந்து நாஸ் (கோப்புச் சேமிப்புப் பெட்டி) விலேனுக்குத் தாண்டும்போது, அதாவது ரவுட்டிங் நடக்கும்போது, எந்தச் சிப் வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி.

சாதாரண மேனேஜ்டு சுவிட்ச் (விலேன் அமைக்கக்கூடியது), அதோடு ஒரு நல்ல ரவுட்டர்: பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும். எல்லா விலேனும் ஒரே டிரங்க் கம்பியில் ரவுட்டருக்குப் போய் அதே கம்பியில் திரும்பும். கிகாபிட் டிரங்க்கில் ஒருவர் மட்டும் கோப்பு இறக்கினால் 940 மெகாபிட் அளவுக்குக் கிடைக்கும். எதிர்த்திசையில் பேக்கப்பும் ஓடினால் இரண்டும் பாதியாகிவிடும். மைக்ரோடிக் ஆர்பி5009-இல் (நாலு கோர், 1.4 கிகாஹெர்ட்ஸ்) ஒரு எஸ்எஃப்பி+ போர்ட் இருப்பதால், டிரங்க்கை அதில் கட்டினால் இந்த நெருக்கடி தீரும். ஃபயர்வாலும் முழுமையாக இருக்கும்.

மைக்ரோடிக்கின் சிஆர்எஸ்326-24ஜி-2எஸ்+ சுவிட்ச் வேறு ரகம். அதன் சிபியு 800 மெகாஹெர்ட்ஸ், ஒரே கோர். ரவுட்டிங் அதன் தலையில் விழுந்தால், ஃபயர்வால் விதிகளோடு சில நூறு மெகாபிட்டில் மூச்சு வாங்கும். அதன் இயங்குதளமான ரவுட்டர்ஓஎஸ் 7-இல் எல்3 ஹார்ட்வேர் ஆஃப்லோடிங்கை (ரவுட்டிங்கைச் சிபியுவிடமிருந்து சிப்புக்கு மாற்றும் வசதி) இயக்கினால் சுவிட்ச் சிப்பே முழு வேகத்தில் ரவுட் செய்யும். அதற்கு ஒரே பிரிட்ஜ் (போர்ட்டுகளை ஒன்றாகக் கட்டும் அமைப்பு), அதில் விலேன் ஃபில்டரிங், விலேன் பட்டியலில் பிரிட்ஜையும் டேக்டு (விலேன் எண் ஒட்டிய) உறுப்பினராகச் சேர்த்திருப்பது என மூன்றும் வேண்டும்.

இங்கே ஒரு பெரிய பொறி உண்டு. சிப் வழியாகத் தாண்டும் பாக்கெட்டை ஃபயர்வால் பார்ப்பதே இல்லை. கேமராவைத் தடுக்க நீங்கள் எழுதிய விதி பட்டியலில் இருக்கும், வேலை செய்யாது. சுவிட்ச் ஏசிஎல் (சிப்பே பார்க்கும் அனுமதி-தடைப் பட்டியல்) எழுதலாம். ஆனால் அது தொடர்பை நினைவில் வைக்காது. கேமராவிலிருந்து கணினிக்குப் போவதை மொத்தமாகத் தடுத்தால், கணினி கேட்ட வீடியோவின் பதிலும் நின்றுவிடும்.

மைக்ரோடிக்கின் இன்னொரு சுவிட்ச்சான சிஆர்எஸ்309 (எட்டு எஸ்எஃப்பி+) இதற்கு வழி தருகிறது. போர்ட்டில் ஆஃப்லோடிங்கை அணைத்து, ஃபாஸ்ட்டிராக் (அனுமதித்த தொடர்பைக் குறுக்கு வழியில் விடும்) விதியோடு ஹார்ட்வேரில் விட்டால், தொடக்கப் பாக்கெட்டுகளை ஃபயர்வால் சோதிக்கும், மீதியைச் சிப் ஓட்டும். சுமார் 4,500 தொடர்புகள்தான் சிப்பில் அடங்கும். வீட்டுக்கு அது தாராளம். நாஸும் பிராக்ஸ்மாக்ஸ் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) சர்வரும் 10 கிகாபிட்டில் வெவ்வேறு விலேனில் இருந்தே ஆக வேண்டும் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். இரண்டையும் ஒரே விலேனில் வைக்க முடிந்தால் அந்தச் செலவே வேண்டாம்.

பழைய சிஸ்கோ 3750 சுவிட்ச்சை சில நூறு வெள்ளிக்குள் (ரிங்கிட்) தேடுபவர்கள் உண்டு. ரவுட்டிங் ஹார்ட்வேரிலேயே நடக்கும், உறுதியான பெட்டி. ஆனால் நாட் (வீட்டுக் கருவிகள் ஒரே இணைய முகவரியைப் பகிரும் வசதி) கிடையாது, விசிறிச் சத்தம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் படுக்கையறை வரை கேட்கும். 60 வாட் இழுத்தால் மாதம் 43 யூனிட். சிஸ்கோ 2960 வேண்டாம், அதில் கையால் எழுதும் நிலையான ரவுட்டுகள் 16 மட்டும்தான்.

எதை வாங்கினாலும் ரவுட்டரைக் கழற்ற முடியாது. டெலிகாம் மலேசியாவின் யூனிஃபை இணையம் விலேன் 500-இல் பிபிபிஓஇ-யாக (பயனர்பெயர், கடவுச்சொல்லோடு இணையும் முறை) வருகிறது. மைக்ரோடிக் சுவிட்ச் சிப் அதை ஆஃப்லோடு செய்யாது. சுவிட்ச்சை விலேன்களின் கேட்வேயாக (வெளியேறும் வாசல்) வைத்தால் சுவிட்ச்சுக்கும் ரவுட்டருக்கும் நடுவே தனி விலேன் போடுங்கள்: ரவுட்டர் 10.0.99.1, சுவிட்ச் 10.0.99.2. சுவிட்ச்சின் டிஃபால்ட் ரவுட் ரவுட்டரை நோக்கி இருக்கட்டும். உங்கள் விலேன்கள் 10.0.10.0/24, 10.0.20.0/24 என்றால், ரவுட்டரில் அந்த இரண்டுக்கும் 10.0.99.2 வழியாகத் திரும்பும் ரவுட் வேண்டும். அதை மறந்தால் விலேன்களுக்குள் பிங் போகும், இணையம் மட்டும் வராது.

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற டவுனில் ஏர்கோன் இல்லாத அறையின் வெப்பத்தையும் கணக்கில் எடுங்கள். விசிறியில்லாச் சுவிட்ச்சில் 10 கிகாபிட் செம்பு மாட்யூல்களை அடுத்தடுத்துச் செருகினால் கொதிக்கும். டிஏசி கம்பி (இரு முனையிலும் மாட்யூல் பொருத்தியே வரும் குட்டைக் கம்பி) குளிர்ச்சியாக ஓடும். வீட்டிலிருந்து பின்கட்டுக் கொட்டகைக்கு இழுப்பது செம்புக் கம்பியாக இருக்கவே கூடாது. மதிய இடிமழையில் மின்னல் அதன் வழியே ஏறி இரு முனை போர்ட்டுகளையும் சுட்டுவிடும். ஃபைபர் போடுங்கள்.

கட்டி முடித்ததும் இரண்டு விலேனுக்கு நடுவே வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3-ஐ இருதிசையிலும் ஓட்டி, அதே நேரம் சிபியு சுமையைப் பாருங்கள். சிபியு 100 சதவீதம் தொட்டு வேகம் சில நூறு மெகாபிட்டில் நின்றால் சிப் ரவுட் செய்யவில்லை. ரவுட் பட்டியலில் 'எச்' கொடி (சிப்பில் ஏறிய ரவுட்டின் குறி) இருக்கிறதா என்று அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.