செட் அட்கின்ஸ் சிஇ தேடுகிறீர்களா? முதலில் வயரைப் பாருங்கள்

பழைய கிப்ஸன் செட் அட்கின்ஸ் சிஇ கிட்டாரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், யாருக்காவது பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ஒன்று வாங்கினேன். வாங்கியதில் நாலு இடத்தில் ஏமாந்தேன். அதில் ஒன்றிரண்டு என் அவசரத்தால் வந்த வினை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இந்தக் கிட்டாரைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. மேடையில் நைலான் தந்தி கிட்டார் வாசித்தவர்களுக்கு அந்தத் தொல்லை தெரியும். சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி கிட்டாரின் வயிற்றுக்குள் புகுந்து, உள்ளே இருக்கும் காற்றை ஆட்டி, தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்பில் மறுபடி ஏறி ஊளையிட ஆரம்பித்துவிடும். செட் அட்கின்ஸ் என்ற அமெரிக்க கிட்டார் கலைஞருக்கும் அதே தலைவலி. 1950களின் நடுவிலிருந்து கிரெட்ஷ் என்ற கிட்டார் கம்பெனியோடு இருந்துவிட்டுப் பிறகு கிப்ஸனுக்கு வந்த மனிதர். அவர் பெயரில் கிப்ஸன் 1982இல் கொண்டுவந்த கிட்டார்தான் சிஇ. பார்த்தால் மெலிந்த கிளாசிக்கல் கிட்டார் மாதிரி இருக்கும். ஒலித்துளை இருக்க வேண்டிய இடத்தில் வளைய வேலைப்பாடு இருக்கும், துளை இருக்காது. உடம்பு அங்கங்கே குடைந்த மஹோகனி, மேலே ஸ்ப்ரூஸ் பலகை. ஊளையிட வயிறே இல்லை.

நைலான் தந்தியை காந்தப் பிக்கப் கண்டுகொள்ளாது. அதனால் இதில் இருப்பது பியஸோ, அதாவது அழுத்தத்தை மின்சாரமாக மாற்றும் வகை. தந்திக்கு ஒன்றாக மொத்தம் ஆறு. ஒவ்வொன்றின் அளவையும் சின்ன ஸ்க்ரூடிரைவரால் கூட்டிக் குறைக்கலாம். ஒரு தந்தி மட்டும் அமுங்கிக் கேட்டால் அதைத் தனியாகத் தூக்கிவிடலாம். இந்த ஏற்பாட்டுக்காகத்தான் நான் இந்தக் கிட்டார் மேல் பைத்தியமாக இருந்தேன் என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

மூன்று வருடம் தேடினேன். வருவதெல்லாம் ஒன்று தொட முடியாத விலை, அல்லது சிஇசி. சிஇசி என்பது கிளாசிக்கல்காரர்களுக்கான அகலக் கழுத்து. நட் பக்கத்தில், அதாவது கழுத்தின் மேல்முனையில் தந்திகள் உட்காரும் சின்னக் கட்டை இருக்கும் இடத்தில், சுமார் 51 மில்லிமீட்டர். சிஇ சுமார் 46. என் கைக்கு 46தான் சரி. விளம்பரம் போடுகிற பாதிப் பேருக்கு இந்த வித்தியாசமே தெரியாது. நட் மேல் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் அனுப்பச் சொன்னால் போதும், குழப்பம் தீர்ந்துவிடும். நான் உருப்படியாகச் செய்த ஒரே சோதனை அதுதான்.

அப்புறம்தான் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர். தமிழர்தான், அது எனக்குக் கூடுதல் தைரியம். "1982 மாடல், முதல் வருடம், எல்லாம் ஒரிஜினல்" என்று போட்டிருந்தார். பதினொரு படங்கள், ஒரு வீடியோ. வீடியோவில் நாற்காலியில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வைத்து மெதுவாக ஒரு மெட்டு வாசிக்கிறார். முகம் தெரியாது. ஒலி தேன் மாதிரி. நடுவில் ஓரிடத்தில் விரல் வழுக்கி ஒரு ஸ்வரம் தப்பும், உடனே சமாளித்துத் தொடர்வார். அந்தத் தப்புதான் என்னைக் கவிழ்த்தது. ஜோடனை இல்லாமல் உட்கார்ந்து வாசிக்கிற மனுஷன் என்று நினைத்தேன்.

வீடியோவில் வயர் இல்லை. அதை நான் பார்க்கவில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இது வயிறில்லாத கிட்டார். ஆம்ப்ளிஃபயரில் சொருகாமல் வாசித்தால் மேஜையில் ரப்பர் பேண்டைக் கட்டிச் சுண்டுகிற மாதிரிதான் சத்தம் வரும். கிட்டாரிலிருந்து எந்த வயரும் இறங்கவில்லை, இடுப்பில் வயர்லெஸ் பெட்டியும் இல்லை, ஆனால் அறை முழுக்க நிறைகிற ஒலி. வேறு கிட்டாரின் ஒலியை மேலே ஒட்டியிருக்கிறார். பத்துத் தடவைக்கு மேல் பார்த்திருப்பேன், கேட்டுக்கொண்டே இருந்தேனே தவிர கண்ணைத் திறந்து பார்க்கவில்லை.

சாதாரண அக்கூஸ்டிக் என்றால் சோதிக்க வழி நிறைய. துளைக்குள் விளக்கை விட்டு உள்கட்டைகளைப் பார்க்கலாம், லேபிளைப் படிக்கலாம், பலகையைத் தட்டிப் பார்க்கலாம். இதில் துளையே கிடையாது. மேலே பளபளப்பாக இருந்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். உண்மை இரண்டு இடத்தில்தான் ஒளிந்திருக்கும்: தலையும் கழுத்தும் சேரும் பின்பக்கம், மின்பாகங்கள் இருக்கும் அறை. எனக்கு வந்த பதினொரு படத்தில் இரண்டுமே இல்லை.

தலையின் பின்பக்கம் கேட்டேன். வந்த படத்தில் அவர் கை சரியாக அந்த இடத்தைப் பிடித்திருந்தது. இன்னொன்று கேட்டேன். ஜன்னல் வெளிச்சம் பட்டு அந்த இடம் மட்டும் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஆனால் சீரியல் எண் தெளிவாகத் தெரிந்தது. "82னு ஆரம்பிக்குது பாருங்க ப்ரோ, 82 மாடல்" என்றார். நானும் தலையாட்டினேன்.

அந்த எண் 82019 என்று தொடங்கும் எட்டு இலக்கம். கடைசி மூன்றை விட்டுவிடுகிறேன். 1977 முதல் ஏறத்தாழ முப்பது வருடம் கிப்ஸன் போட்ட எட்டு இலக்க எண்களை இப்படி இடமிருந்து வலமாக வாசிக்கக் கூடாது. முதல் இலக்கமும் ஐந்தாவது இலக்கமும் சேர்ந்தால்தான் வருடம். நடுவில் உள்ள மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. அதாவது 8, 201, 9. 1989ஆம் வருடத்தின் 201ஆவது நாள், ஜூலை 20. முதல் வருடக் கிட்டார் என்று நான் கொஞ்சி வாங்கியது ஏழு வருடம் இளையது. அவருக்கே தெரியாமல் சொன்னாரா, தெரிந்து சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இந்த ஒன்றில் மட்டும் சந்தேகத்தின் பலனை அவருக்குக் கொடுக்கிறேன்.

மற்றதில் கொடுக்க முடியாது. பணம் அனுப்பும்போது, "பொருள் வாங்குறதுன்னு போடாதீங்க ப்ரோ, கமிஷன் பிடிப்பாங்க, நண்பருக்கு அனுப்புறதுன்னு போடுங்க" என்றார். போட்டேன். அந்த வகையில் அனுப்பிய பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு எதுவும் கிடையாது. நண்பருக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். எனக்கு இது தெரியாமல் இல்லை, அதுதான் கொடுமை. இன்னும் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று வேறு சொல்லியிருந்தார்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு செய்தி. கிட்டாரில் ரோஸ்வுட் இருக்கிறதாம், சைட்டீஸ் அனுமதி வாங்க வேண்டுமாம், அதற்குத் தனியாகக் கட்டணமாம். அருகிவரும் தாவரங்கள், விலங்குகளின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. காதில் விழுந்திருக்கிற பெயர் என்பதால் மறுபேச்சில்லாமல் அனுப்பினேன். 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது உண்மை. ஆனால் முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கொடுத்துவிட்டார்கள். பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் இந்த விலக்கு இல்லை, அது 1992இலிருந்தே கடுமையான பட்டியலில் இருக்கிறது. என் பெட்டியில் அனுமதிப் பத்திரம் என்று ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை. கேட்டதற்கு, "கஸ்டம்ஸ்ல வச்சுக்கிட்டாங்க போல" என்றார்.

பெட்டி வந்த அன்று சொருகி வாசித்துப் பார்த்தேன். ஒலி வந்தது. தேன் இல்லை, தகரம். மூன்றாம் தந்தி மற்றதைவிட அமுங்கி இருந்தது. சரி, அதற்குத்தானே தனித்தனி அளவு இருக்கிறது என்று பின்மூடியைக் கழற்ற உட்கார்ந்தேன். ஒரு திருகின் தலை ஏற்கெனவே தேய்ந்து வழவழவென்று இருந்தது. அங்கேயே கை நின்றுவிட்டது. எனக்கு நெடுநாளாகப் பழக்கமான, கிட்டார் சரிசெய்யும் பெரியவரிடம் அப்படியே எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் மூடியைத் திறக்கவே இல்லை. கிட்டாரைக் குப்புறப் போட்டு, கழுத்தில் கட்டை விரலை வைத்து நட்டிலிருந்து தலைப்பக்கமாக மெதுவாக நகர்த்தினார். ஓரிடத்தில் விரல் நின்றது. "நீயும் தடவிப் பாரு தம்பி" என்றார். தடவினேன். கண்ணுக்கு ஒன்றுமில்லை, விரலுக்கு மட்டும் நகம் கனத்தில் ஒரு மேடு. அப்புறம் கடை விளக்கை அணைத்துவிட்டு, ரூபாய் நோட்டு சோதிக்கிற மாதிரி ஒரு புற ஊதா டார்ச்சை அடித்தார். கழுத்தின் பின்பக்கம் முழுக்க மங்கலான பச்சை மஞ்சளாக ஒளிர்ந்தது. நைட்ரோ லாக்கர் என்ற மேல்பூச்சு பழசானால் அப்படித்தான் ஒளிரும். நட்டுக்குப் பின்னால் மட்டும் நாலு விரல் அகலத்துக்கு ஒரு கறுத்த பட்டை, மணிக்கட்டில் துணி சுற்றின மாதிரி. அங்கே புதுச் சாயம். அதற்கடியில், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், குறுக்காக ஓடும் முடி அளவு கோடு.

தலை ஒடிந்து ஒட்டிய கிட்டார். அவர் கை பிடித்திருந்த இடம், ஜன்னல் வெளிச்சம் விழுந்த இடம்.

கிப்ஸன் தலை ஒடிவது கிட்டார்க்காரர்களிடையே பழைய கேலி. மஹோகனிக் கழுத்தை ஒரே துண்டில் வெட்டும்போது தலை பின்னால் சாய்வதால், மரத்தின் நார் அந்த வளைவில் நீளமாக ஓடாமல் குட்டையாக அறுபட்டு நிற்கும். நிறுத்தி வைத்த இடத்திலிருந்து ஒருமுறை மல்லாக்க விழுந்தால் போதும். ஒழுங்காக ஒட்டினால் பல வருடம் தாங்கும், வாசிப்பதற்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் விலை பெரிதாக இறங்கும். அதைச் சொல்லி விற்றிருந்தால், குறைத்துக் கேட்டு நானே வாங்கியிருப்பேன்.

பிறகு மூடியைத் திறந்தார். ஆறு அளவுத் திருகுகள் இருந்த பலகை இல்லை. அதைப் பிடித்திருந்த திருகுத் துளைகள் மட்டும் காலியாக இருந்தன. அந்த இடத்தில் எந்தக் கிட்டாரிலும் மாட்டுகிற மலிவான பிரீஆம்ப் (பிக்கப்பின் சிக்னலைக் கூட்டும் சின்னப் பலகை) ஒன்று இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டியிருந்தது. பேட்டரி கசிந்து ஒரு மூலை பச்சை பூத்திருந்தது. ஆறு பியஸோவுக்குப் பதில், தந்திகளைக் கீழ்முனையில் தாங்கும் சேடிலுக்கடியில் ஒரே ஒரு பட்டை. நான் எதற்காக மூன்று வருடம் அலைந்தேனோ, அது மட்டும் அந்தக் கிட்டாரில் இல்லை. ஒரிஜினல் பாகங்களைக் கழற்றித் தனியாக விற்றிருப்பார்கள் என்றார் பெரியவர். அதற்கும் ஆள் இருக்கிறதாம்.

விற்றவருக்கு எல்லாப் படத்தையும் அனுப்பினேன். முதல் பதில்: "என்கிட்ட இருந்து போறப்ப நல்லாத்தான் இருந்துச்சு, கூரியர்ல உடைஞ்சிருக்கும்." வழியில் உடைந்த கழுத்து தானே ஒட்டிக்கொண்டு சாயமும் பூசிக்கொள்ளுமா என்று கேட்டேன். இரண்டாவது பதில்: "பழைய பொருள் ப்ரோ, பார்த்துட்டுத்தானே வாங்கினீங்க." மூன்றாவது வரவில்லை, என்னை பிளாக் செய்துவிட்டார். கூரியர் கம்பெனியிலும் கேட்டுப் பார்த்தேன். பழைய ஒட்டு என்று பெரியவர் எழுதிக் கொடுத்ததையே நான் காட்டினால் அவர்கள் எதற்குத் தருவார்கள்? விளம்பரத்தை எடுக்கச் சொல்லிப் புகார் கொடுத்ததில், அது ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. பணம் பரிமாறிய இடத்திலும் நான் எதிர்பார்த்த பதில்தான்: நண்பருக்கு அனுப்பியதை அவர்களால் திருப்ப முடியாது.

இப்போது கிட்டார் பெரியவரிடம்தான் இருக்கிறது. ஒட்டைப் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டாம், தாங்குகிறது, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். ஆறு பியஸோவும் அந்தப் பலகையும் எங்காவது கிடைக்கிறதா என்று இருவரும் தேடுகிறோம். என் கிட்டாரிலிருந்து கழற்றியதையே நான் திரும்ப விலைக்கு வாங்க நேர்ந்தாலும் ஆச்சரியமில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், போன வாரம் வேறொரு பெயரில் ஒரு விளம்பரம் பார்த்தேன். இந்த முறை செட் அட்கின்ஸ் எஸ்எஸ்டி, அதாவது இதே குடும்பத்தின் எஃகுத் தந்தி மாடல். வீடியோவில் அதே நாற்காலி, முகம் தெரியவில்லை, வயரும் இல்லை. எஃகுத் தந்தியிலிருந்து நைலான் தந்தியின் ஒலி வருகிறது. நாற்பது விநாடி தாண்டியதும் அதே இடத்தில் அதே ஸ்வரம் தப்புகிறது. ஆனால் இந்த முறை விரல் வழுக்கவே இல்லை.