ரியோஹா ரெட் ஒயின், கோத்தகிரி குளிர்ல குடிச்சுப் பாத்தது

மச்சான் துபாய்ல இருந்து வரும்போது டியூட்டி ஃப்ரீல ஒரு ஸ்பெயின் ரெட் ஒயின் தூக்கிட்டு வந்தாரு, ரியோஹா க்ரியான்ஸா, 2019 அறுவடை. ரியோஹாங்கறது ஸ்பெயின்ல ஒயினுக்குப் பேர் போன ஏரியா, க்ரியான்ஸாங்கறது அதுல ஒரு ரகம். நம்ம மலையில ஒயின்னா டூரிஸ்ட்டுக்கு விக்குற ஹோம்மேட் இனிப்பு ஐட்டம் தான் ஞாபகம் வரும், அதை நெனச்சுட்டு இதை வாயில வச்சீங்கன்னா மூஞ்சி கோணிரும், இனிப்பு சுத்தமா கிடையாது.

எனக்கும் கோணுச்சு. டிசம்பர் ராத்திரி, பாட்டில் அலமாரில இருந்தே ஃப்ரிட்ஜ்ல வச்ச மாதிரி சில்லுனு இருந்துச்சு. ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்பாங்களே, அது 16, 18 டிகிரி, சென்னை ரூமும் இல்ல கோத்தகிரி ரூமும் இல்ல. ரொம்ப சில்லுனு இருந்தா துவர்ப்பு தான் முன்னாடி வந்து நிக்கும். அடுப்பு பக்கத்துல அரை மணி நேரம் வச்சுட்டு திரும்ப ஊத்துனோம், வேற சரக்கு! செர்ரி வாசம், பின்னாடியே வெண்ணிலா, லேசா தேங்கா கூட.

அந்த வெண்ணிலா தான் ரியோஹாவுக்கு அடையாளமே, ஆனா அது டெம்ப்ரனீயோ திராட்சை குடுத்தது இல்ல, ஓக் பீப்பா குடுத்தது, அதுலயும் பழைய ஸ்டைல்னா அமெரிக்கன் ஓக். க்ரியான்ஸான்னா குறைஞ்சது 1 வருஷம் பீப்பாய்ல கிடக்கணும், அதைவிட அதிக நாள் ஊற வைக்குற கிரான் ரிசர்வா ரகம்னா பீப்பாய்ல 2, மொத்தமா 5 வருஷம் ஆகி தான் வெளிய வரும். பிரான்ஸ் தோட்டங்களை 19ஆம் நூற்றாண்டுல ஃபிலாக்ஸெரா பூச்சி தின்னு தீத்தப்ப அங்க இருக்குற போர்தோ ஒயின் ஏரியா வியாபாரிங்க சரக்கு தேடி ரியோஹா பக்கம் வந்தாங்க, ஹாரோங்கற ஊர்ல ரயில்வே ஸ்டேஷனை ஒட்டியே ஒயினரிங்க எழும்புச்சு, பேரும் அப்படியே ஏறுச்சு.

டீ ஃபேக்டரி பக்கத்துல வளந்தவனுக்கு துவர்ப்பை யாரும் சொல்லித் தர வேணாம், டிக்காஷன் அதிகமா ஊறிப்போனா ஈறுல வந்து ஒட்டுமே அந்த ஜாதி தான் ஒயின்ல துவர்ப்பு குடுக்குற இந்த டானினும். இதுல அது பிடிச்சு இழுக்கல, மெதுவா வந்துட்டு போயிருது. நல்லா போட்ட லைட் டீ குடிச்ச மாதிரி.

சைடிஷ்ல தான் சொதப்புனோம். அக்கா வச்ச மட்டன் சுக்கா செம காரம், காரத்து மேல ஒயின் போனதும் நாக்கு எரியுது, பழ வாசம் போன இடம் தெரியல. அப்புறம் வெறும் உப்பு மிளகு போட்டு ரெண்டு ஆட்டு நெஞ்செலும்பு வாட்டிக் குடுத்தாங்க, அங்க தான் செட் ஆச்சு. ரியோஹாக்காரங்களும் ஆட்டுக்கறியை காஞ்ச திராட்சைக் கொடி நெருப்புல சுட்டு தான் இதோட சாப்பிடுவாங்களாம், கரெக்டா தான் செஞ்சிருக்காங்க.

5க்கு 4 குடுப்பேன். ஒண்ணு கம்மி எதுக்குன்னா எங்க ஊர் கடையில தேடுனேன், கிடைக்கல. வாங்குறவங்க பாட்டில் பின்பக்க லேபிள்ல இருக்குற சீல் கலரை பாருங்க, பச்சைன்னா பீப்பா கணக்கு கேக்காத சாதா ரகம், சிவப்பு க்ரியான்ஸா, நீலம் கிரான் ரிசர்வா.

காலி பாட்டிலை டாஸ்மாக்ல குடுத்தா 10 ரூபா வரும்னு மாமா கழுவி வச்சிருக்காரு. அதுல டாஸ்மாக் ஸ்டிக்கர் இல்ல மாமான்னு சொன்னா நம்பவே மாட்டேங்குறாரு.