கொழிஞ்சாம்பாறையில் ஆறு வாரம்

அண்ணனுக்குச் சிறுநீரகம் கொடுத்தவர் அண்ணி. ஆபரேஷன் முடிந்த மறுநாள் சிங்கப்பூரிலிருந்து கோவைக்கு வந்து இறங்கினேன். ஆறு வாரம் லீவு.

எங்கள் வீடு பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. பேச்சு தமிழ், ரேஷன் கார்டு கேரளா. மாநில எல்லையிலுள்ள வேலந்தாவளம் தாண்டினால் ஒரு மணி நேரத்தில் கோவை ஆஸ்பத்திரி. கார்டு கேரளா என்பதால் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடு எங்களுக்குக் கிடையாது. பணம் முழுக்க நாங்களே கட்டினோம். இறந்தவர் உறுப்புக்குப் பதிவு செய்ய முன்பு அந்தந்த மாநிலத்துக் குடியிருப்புச் சான்று கேட்பார்கள். 2023-இல் மத்திய அரசு அந்த நிபந்தனை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் வரிசை நீளம். அண்ணி காத்திருக்கவில்லை.

கணவன் மனைவி என்றால் கல்யாணச் சான்றிதழ், கல்யாண போட்டோ, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் கேட்கிறார்கள். 1994-ஆம் வருடச் சட்டம் உறுப்பு வியாபாரத்தைத் தடுக்க வந்தது, ஆகவே கேட்பது நியாயம். ஆல்பத்தில் ஒட்டிப்போயிருந்த போட்டோவை அண்ணி பிளேடால் சுரண்டி எடுத்தாராம். மாலையின் ஓரம் கிழிந்துவிட்டதென்று இன்னும் வருத்தப்படுகிறார்.

ஆஸ்பத்திரியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்த கோஆர்டினேட்டர் பெண் பொறுமையாக எல்லாம் சொல்லிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை. காலை ஒன்பது, இரவு ஒன்பது, டாக்ரோலிமஸ் மாத்திரை. புது உறுப்பை உடம்பு எதிர்க்காமல் இருக்க அதுதான் காவல். ஒரு நோட்டு போட்டோம்: எடை, காய்ச்சல், பிரஷர், சர்க்கரை, குடித்த தண்ணீர், போன சிறுநீர். அண்ணனுக்கு முன்பு சர்க்கரை இல்லை. இந்த மாத்திரைகளால் ஏறும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், ஏறியது. காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் நடுராத்திரி ஆனாலும் போன் செய்யச் சொன்னார்கள்.

மருந்தின் அளவு ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, காலை மாத்திரை போடுவதற்கு முன் ரத்தம் எடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து எடுக்கும் ஒரு லேபில் எட்டரைக்குச் சொல்லி வைத்தோம். ஆள் வந்தது பத்தேகால். அதுவரை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். "கொஞ்ச நேரம்தானே சார்" என்றார் அந்தப் பையன். அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போல. அப்புறம் ஒவ்வொரு முறையும் டாக்ஸி வைத்து ஆஸ்பத்திரிக்கே போனோம். மருந்துக் கடையிலும் அப்படித்தான்: எழுதிக் கொடுத்த கம்பெனி இல்லை, வேறொன்றை நீட்டி "உள்ளே இருப்பது ஒன்றுதான்" என்றார்கள். டாக்டரைக் கேட்காமல் இந்த மருந்தில் கம்பெனி மாற்றவே கூடாது. கோவைக்கு வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பையன்தான் கடைசிவரை வாங்கி வந்து கொடுத்தான்.

பார்க்க வருபவர்களுக்குத் திண்ணையில் நாற்காலி போட்டோம். அண்ணனுக்குத் தொற்று வந்துவிடக் கூடாதென்று உள்ளே விடவில்லை, சிலர் கோபித்துக்கொண்டார்கள். பெரியம்மா தன் தோட்டத்துப் பப்பளிமாஸைப் பையோடு கொண்டுவந்தார். அது மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், ஆகாது என்றதும் அவர் முகம் வாடிவிட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

வந்தவர்கள் எல்லோரும் அண்ணனைத்தான் கேட்டார்கள். "யூரின் போகுதுங்களா? கிரியேட்டினின் எவ்வளவுங்க?" (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு அது) என்று திண்ணையில் பேச்சு நடக்கும்போது, அண்ணி வயிற்றில் ஒரு தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமிவிட்டு, காபி போட எழுந்துபோவார். அவருக்கும் ஆபரேஷன் நடந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஐந்தாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டதால் அவர் நோயாளி இல்லை என்று ஆகிவிட்டது. ஒரு நாள் காலை கிணற்றடியிலிருந்து நிறைகுடத்தை இடுப்பில் வைத்து வந்துகொண்டிருந்தார். ஓடிப்போய் வாங்கினேன்.

"எனக்கென்ன தம்பி, நல்லாத்தானே இருக்கேன்?"

ஆறு வாரத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது என்று அவருடைய டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதியிருந்தது. அந்தத் தாள் அண்ணனுடைய பைலுக்கு அடியில் கிடந்தது. நம் நாட்டில் உயிரோடு இருந்து உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மனைவி, அம்மா, அக்கா. அவர்களுக்கும் வருடா வருடம் பிரஷர், கிரியேட்டினின், சிறுநீரில் புரோட்டீன் பார்க்க வேண்டும். கண்ட வலி மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடக் கூடாது. இதை அண்ணியிடம் நான்தான் படித்துச் சொன்னேன். அடுத்த முறை கோவை போனபோது கோஆர்டினேட்டரிடம் கேட்டு அண்ணி பெயரில் பரிசோதனைக்குத் தனியாக ஒரு தேதி வாங்கினேன். அவர் உடனே போட்டுக் கொடுத்தார். கேட்டால் கிடைக்கிறது, அதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். தண்ணீர் தூக்கவும் பாத்திரம் கழுவவும் மாசச் சம்பளத்துக்கு ஓர் அக்காவை வைத்தோம். ஆறு மாசச் சம்பளத்தை அண்ணனிடம் முன்பணமாகக் கொடுத்து வந்திருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இந்தச் செலவை முதல் நாளே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பிய அன்று காலை நோட்டைப் பார்த்தேன். பக்கத்தின் நடுவில் பேனாவால் ஒரு கோடு. அந்தப் பக்கம் அண்ணியின் பெயர், பிரஷர் 118/76, எடை 52. எழுத்து அண்ணனுடையது.