‘புரொஃபஷனல்’ ஸ்டிக்கர் ஒட்டிய கார் பாலிஷிங் மெஷின்: காசு கட்டும் முன் படித்துவிடுங்கள்

விற்கும்போது அது ‘ஹெவி டியூட்டி புரொஃபஷனல்’ மெஷின். பேரிங் இறுகி, வாடிக்கையாளர் கார் கதவின் பெயின்ட்டைத் தின்ற பிறகு வாரண்டி கேட்டால், “தொழிலுக்குப் பயன்படுத்தியிருக்கிறீர்கள், இது வீட்டு உபயோகத்துக்கு மட்டும்” என்கிறார்கள். இந்த இரட்டை நாக்கைப் பற்றித்தான் இந்தப் பதிவு. விற்றவர் பெயரையோ பிராண்டையோ எழுதவில்லை. விவகாரம் இன்னும் முடியவில்லை என்பது ஒரு காரணம். பெயரைத் தெரிந்துகொண்டாலும் பெரிய பயன் இருக்காது என்பது இன்னொன்று.

கோவையில் வீட்டை ஒட்டிய ஷெட்டில் கார் டீட்டெய்லிங், அதாவது காருக்குப் பாலிஷ் போட்டு மெருகேற்றும் வேலை, செய்கிறேன். நான் ஒருவன்தான், வேலை அதிகமானால் மைத்துனர் வந்து கைகொடுப்பார். என்னிடம் பழைய ரோட்டரி பாலிஷிங் மெஷின் ஒன்று இருக்கிறது. மாடு மாதிரி உழைக்கும். ஆனால் கருப்பு, கருநீல வண்டிகளில் ரோட்டரி போட்டால் வெயிலில் ஹோலோகிராம் கோடுகள், அதாவது மெஷின் சுற்றிய தடம், தெரியும். அதை எடுக்க டூயல் ஆக்‌ஷன் மெஷின், அதாவது டிஏ, வேண்டும். இத்தாலியின் ரூபெஸ், ஜெர்மனியின் ஃபிளெக்ஸ் எல்லாம் விலை எட்டாத உயரம். ஆன்லைனில் ஏழாயிரம் ரூபாய்க்கு ஒன்று கிடைத்தது. 15 மில்லிமீட்டர் த்ரோ (பேட் வட்டமடிக்கும் அகலம்), 1200 வாட், ஒரு வருட வாரண்டி. பணம் கட்டும் முன் விற்பவரிடம் சாட்டில் கேட்டேன்: “தினமும் ஷெட்டில் ஓட்டலாமா?” பதில்: “ஓட்டலாம் சார், ஃபுல் டே ரன்னிங், நோ இஷ்யூ.” அந்த சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். இப்போது எனக்கு இருக்கும் பெரிய பலமே அதுதான்.

தீபாவளிக்கு முன்னால் வாங்கியது. முதல் சில வண்டிகளுக்கு நன்றாகவே ஓடியது, அதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு கைப்பிடி சூடாக ஆரம்பித்தது. பானட்டின் வளைவில் பேட், அதாவது பாலிஷ் தேய்க்கும் ஸ்பாஞ்ச், சுற்றுவதை நிறுத்திவிட்டு வெறுமனே அதிர்ந்தது. பெரிய த்ரோ மெஷின்களில் வளைவில் இப்படி ஓரளவு நிற்பது சகஜம் என்பதால் கோணத்தை மாற்றி ஓட்டினேன். அப்புறம் ஒரு கரகரப்பு. மார்கழி பாதியில், ஒரு கருப்பு செடானின் கதவு ஓரத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது சத்தம் திடீரென்று மாறியது. நிறுத்துவதற்குள் கதவின் மடிப்பில் விரல் அகலத்துக்கு கிளியர் கோட் (பெயின்ட்டுக்கு மேலுள்ள நிறமற்ற பூச்சு) போய், அடியில் இருந்த நிறமும் தெரிந்தது.

என்ன நடந்தது என்று புரிய டிஏ வேலை செய்யும் விதம் தெரிய வேண்டும். ரோட்டரியில் மோட்டார், கியர், ஸ்பிண்டில், அவ்வளவுதான்; பேட் நேராகச் சுற்றும். டிஏ-வில் மோட்டார் ஒரு மையம் தள்ளிய தண்டைச் சுழற்றும். அந்தத் தண்டின் முனையில், தனி பேரிங் மேல், பேட் தட்டு சுதந்திரமாக உட்கார்ந்திருக்கும். தட்டு தானாகச் சுற்றுவதும், அழுத்தினால் நிற்பதும் அந்த பேரிங் சுதந்திரமாக ஓடுவதால்தான். டிஏ பெயின்ட்டைச் சுடாது என்று சொல்வதற்கு ஆதாரமே அதுதான். அந்த பேரிங் இறுகிவிட்டால் தட்டு தண்டோடு பூட்டிக்கொண்டு தண்டின் வேகத்திலேயே சுற்றும். நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றுக்கு மேல். கிளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரான்தான்; மடிப்புகளில் இன்னும் மெல்லியது. அது எவ்வளவு நேரம் தாங்கும்? ரோட்டரி கெட்டுப்போனால் பெரும்பாலும் வேலை நிற்கும். டிஏ கெட்டுப்போனால் வண்டியும் சேர்ந்து கெடும்.

கதவுக்கு மறுபடி பெயின்ட் அடிக்க ஐயாயிரம் ஆனது. வண்டிக்காரர் நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. மறுபடி வரவும் இல்லை.

வாரண்டிக்கு அழைத்தேன். முதலில் “வோல்டேஜ் பிரச்சினையா இருக்கும் சார்” என்றார்கள். அதே பிளக்கில்தான் ரோட்டரி வருடக்கணக்கில் ஓடுகிறது என்றேன். “கார்பன் பிரஷ், பேரிங் எல்லாம் தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது” என்றார்கள். பேரிங் வராது, பிரஷ் வராது, சுவிட்சும் வராது. மிச்சம் இருப்பது பிளாஸ்டிக் உடம்பு, அதற்கு மட்டும் வாரண்டியா என்று கேட்டதும் கடைசி அஸ்திரம் வந்தது: கமர்ஷியல் யூஸ். வாரண்டி அட்டையின் பின்பக்கம், எறும்பு எழுத்தில் அப்படி ஒரு வரி உண்மையிலேயே இருக்கிறது. முன்பக்கம் ‘புரொஃபஷனல்’, பின்பக்கம் ‘தொழில் பயன்பாட்டுக்கு வாரண்டி கிடையாது’. இதை அச்சடித்தவர் ஒரு நிமிடமாவது அட்டையைத் திருப்பிப் பார்த்திருப்பாரா தெரியவில்லை.

மறுப்பை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டேன். இது முக்கியம். எழுத்தில் மறுக்கும் வரை மெஷினைத் திறக்காதீர்கள். திறந்தால் அதையே காரணமாக்குவார்கள். அதன் பிறகுதான் தெரிந்த ரிவைண்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டியே தலை நரைத்த மாஸ்டர். திறந்து, வயரைக் கத்தி முனையால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. “காப்பர் இல்லீங்க தம்பி, அலுமினியம். கலர் வார்னிஷ்ல வருது.” ஒரே பருமன் வயரில் அலுமினியத்துக்கு மின்தடை காப்பரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். சூடு அங்கிருந்துதான். அந்தச் சூட்டில் தலைப்பகுதி கிரீஸ் உருகி வழிந்திருந்தது. இறுகிய பேரிங்கின் ஓரம் ரப்பர் சீல் இல்லாமல் திறந்தே கிடந்தது. காம்பவுண்ட் (பாலிஷ் பசை) தூசி உள்ளே போய் களிம்பாகியிருந்தது. பேரிங்கில் அளவைக் குறிக்கும் எண்ணே இல்லை. 6001, 608 என்று ஏதாவது எண் இருந்தால் எந்த பேரிங் கடையிலும் ரப்பர் சீல் வைத்தது வாங்கி அவரே போட்டுத் தந்திருப்பார். “இந்த அளவு வெளிய கிடைக்காதுங்க” என்று கையில் கொடுத்துவிட்டார்.

அந்த 1200 வாட் பற்றி. ரூபெஸின் எல்எச்ஆர்15 மார்க் 2 மெஷினும் 15 மில்லிமீட்டர் த்ரோதான். அதில் போட்டிருப்பது 500 வாட். நம்முடையது அதைவிட இரண்டு மடங்கு பலசாலியா? வாட் என்பது மெஷின் இழுக்கும் மின்சாரம். அதில் எவ்வளவு பேட்டுக்குப் போகிறது, எவ்வளவு சூடாக வீணாகிறது என்று அந்த எண் சொல்லாது. அந்த எண்ணாவது நிஜமா என்பது வேறு கதை. அதனால் வாட்டை வைத்து மெஷினை எடை போடாதீர்கள்.

எதை வைத்துப் போடுவது? என் கணக்கில் ஒரே கேள்வி போதும்: உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும்? மகீட்டாவின் 9227சி போன்ற ரோட்டரிகள் பெயின்ட் பூத்களில் காலம் காலமாக ஓடுவது அவை கெடாது என்பதால் இல்லை. கெட்டால் சரிசெய்யலாம் என்பதால். மகீட்டா கார்பன் பிரஷ்ஷுக்கு ‘சிபி’ என்று தொடங்கும் எண் உண்டு. டூல்ஸ் கடையில் எண்ணைச் சொன்னால் ஜோடியாக எடுத்துக் கொடுப்பார்கள். பிரஷ்ஷில் எவ்வளவு தேயலாம் என்ற எல்லைக்கோடும் இருக்கும். போஷ் கம்பெனி பச்சை நிறத்தை வீட்டு உபயோகத்துக்கும் நீல நிறத்தைத் தொழிலுக்கும் என்று பிரித்தே விற்கிறது. இப்படிப் பிரித்துச் சொல்வதுதான் நேர்மை. எல்லாவற்றிலும் ‘புரொஃபஷனல்’ ஸ்டிக்கர் ஒட்டுவது இல்லை.

சொந்தக் காரை வருடத்துக்கு இரண்டு முறை பாலிஷ் போடுபவருக்கு விலை குறைந்த மெஷினே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அவர் கையில் இதே மெஷின் சில வருடம் ஓடியிருக்கலாம். அப்படி வாங்குவதானால் 8 மில்லிமீட்டர் போலச் சின்ன த்ரோ, ஐந்து அங்குல பேட் என்று நில்லுங்கள். த்ரோ பெரிதாக ஆக எதிர்எடைக்கும் (அதிர்வைச் சமன்செய்யும் எடை) பேரிங்குக்கும் அழுத்தம் கூடும். மலிவு மெஷினின் பலவீனமான இடமே அதுதான். தட்டுக்குச் சொன்ன அளவைவிடப் பெரிய பேட் மாட்டாதீர்கள். மெல்லிய நீள எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டாதீர்கள். ஒரு பேனல் முடிந்ததும் தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள்: வழவழவென்று ஓடினால் சரி, மணல் அரைபடுவது போல் இருந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். தினமும் வண்டிகளுக்குப் பாலிஷ் போடுபவர்கள், புதுசு வாங்க முடியாவிட்டால், நல்ல பிராண்டில் பழையதைப் பாருங்கள். பேரிங்கும் பிரஷ்ஷும் மாற்றிவிட்டால் அது இந்தப் புது மெஷினை விழுங்கி ஏப்பம் விடும்.

‘கமர்ஷியல் யூஸ்’ என்று சொன்னதும் நம்மில் பலர் அடங்கிவிடுகிறோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோர் கணக்கில் சேர்க்காது என்பது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து, அதில்தான் பிழைப்பு நடத்துகிறவர் தன் தொழிலுக்காக வாங்கும் பொருள் வணிக நோக்கம் ஆகாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. ஒற்றை ஆளாக ஷெட் வைத்திருப்பவர் நுகர்வோர்தான். ஆன்லைன் தளங்களுக்கான 2020 விதிகளின்படி குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், சாட்டையும் அட்டையின் இரண்டு பக்கத்தையும் அனுப்பினேன். அதுவரை ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது என்ற ஒரே பல்லவியைப் பாடிய தளம், மெஷின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. கதவுக்கான ஐயாயிரத்துக்குப் பதில் இல்லை. அதற்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். மாஸ்டர் பிரித்த பாகங்கள் அப்படியே பையில் இருக்கின்றன.

பெயர் சொல்லிப் பயனில்லை என்றேனே, காரணம் இதுதான். அந்த விற்பனைப் பக்கம் இப்போது இல்லை. அதே மெஷின் இன்னொரு பெயரில், நீல உடம்புக்குப் பதில் சிவப்பு உடம்போடு வந்திருக்கிறது. பிடியின் வளைவு, காற்றுத் துவாரம், வேக டயல் எல்லாம் அச்சு அசல் அதேதான். படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 1200 வாட், 15 மில்லிமீட்டர், ஒரு வருட வாரண்டி, ‘புரொஃபஷனல்’. பேரிங்கும் ஆர்மேச்சரும் (மோட்டாரின் சுழலும் பாகம்) தனியாகக் கிடைக்குமா என்று சாட்டில் கேட்டேன். “முழு மெஷின் மட்டும்தான் சார்” என்று பதில் வந்தது.