1.3 டீசல் கார், ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகு: வண்டி கெட்டது பாதி, கை கெடுத்தது பாதி

ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி டீசல் இன்ஜின் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று பல வண்டிகளில் வந்தது. மாருதி 2020 ஏப்ரலோடு டீசலையே விட்டுவிட்டது. ஆனாலும் டி.என். 29 (தர்மபுரி), டி.என். 24 (கிருஷ்ணகிரி) நம்பரில் இந்த வண்டிகள் இன்னும் குறையவில்லை. தினமும் ஓசூர் கம்பெனிக்குப் போய்வருவது, அரூர், பென்னாகரம் பக்கம் டாக்ஸி, வாரக்கடைசியில் பெங்களூர் என்று ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. ஒழுங்காக வைத்திருக்கும் வண்டி நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 20 கிலோமீட்டரை ஒட்டிக் கொடுக்கும். இன்ஜினைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ பிடிக்கும்வரை கொஞ்சம் சோம்பல், காலையில் சத்தம் அதிகம், அவ்வளவுதான்.

இதைச் சொந்தமாக வைத்துப் பல வருஷம் ஓட்டும்போது தெரியவருவது வேறு. பெரிய செலவுகளில் பாதிக்கு மேல் பட்டறைக்குப் போய்வந்த பிறகு வருகிறவை. மெக்கானிக்குக் கைத்திறமை இல்லை என்று அர்த்தமில்லை. கழற்றுவதில் காட்டும் கவனத்தைத் திரும்ப மாட்டும்போது காட்டாததுதான் காரணம். சாயங்காலம் ஆறு மணி, வண்டிக்காரர் வாசலில் நிற்கிறார், பின்பக்கத்துக் கிளிப் கைக்கு எட்டவில்லை. அங்கேதான் சேதம் ஆரம்பிக்கிறது.

அந்தக் கிளிப்பிலிருந்தே தொடங்கலாம். ஏர் ஃபில்டர் மாற்றுவது பத்து நிமிஷ வேலை. பெட்டியின் முன்பக்கக் கிளிப்புகள் சுலபமாக விழும், பின்பக்கத்தில் இருப்பது தடவித்தான் மாட்ட வேண்டும். அதை விட்டுவிட்டாலும் வண்டி நன்றாகவே ஓடும், எந்த விளக்கும் எரியாது. ஆனால் மூடி ஒரு நூல் தூக்கியிருக்கும். கிருஷ்ணகிரியைச் சுற்றிக் கிரானைட் லாரி ஓடும் மண் ரோடுகளில் பறக்கும் தூசி சாதாரணப் புழுதி இல்லை, கண்ணாடியையே கீறும் கல்மாவு. ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகும் அந்த மாவு முதலில் டர்போவின் காற்று பிளேடைத் தேய்க்கும், பிறகு பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் போரையும். ஆயில் குறைய ஆரம்பித்து, நீலப் புகை வந்த பிறகுதான் ஆள் முழித்துக்கொள்வார். சோதிப்பது சுலபம். ஃபில்டர் மாற்றி ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் பெட்டியைத் திறந்து, ஃபில்டருக்கு அந்தப் பக்கம், அதாவது சுத்தமான காற்று போகும் பக்கம், விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். விரலில் சாம்பல் நிறத்தில் ஒட்டினால் எங்கோ வழி இருக்கிறது. ஃபில்டரைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு பள்ளத்தில் முழுக்க உட்கார்ந்திருக்கிறதா, மடிந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். விலை குறைந்த ஃபில்டர்களில் இந்த விளிம்பு இரண்டு மில்லிமீட்டர் சிறியதாக இருப்பதும் உண்டு. காகிதத்தில் மிச்சம் பிடிக்கப்போய் டர்போவைக் கொடுப்பார்கள்.

அதே வேலையில் டர்போ ஹோஸின் கிளாம்ப் தளர்ந்துவிட்டால் இவ்வளவு காத்திருக்க வேண்டாம். மேடு ஏறும்போது இழுவை இருக்காது, கறுப்புப் புகை தள்ளும், உஸ் என்று காற்று போகும். இதை, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் கோளாறு என்று சொல்லி நாலு இன்ஜெக்டரையும் கழற்றிய கதைகள் எந்த டீக்கடையிலும் கிடைக்கும்.

இன்ஜெக்டரைக் கழற்றினால் அடியில் உள்ள காப்பர் வாஷர் புதிதுதான். இதில் விவாதமே கிடையாது. பழைய வாஷர் ஏற்கெனவே நசுங்கிக் கெட்டியாகிவிட்டது, இரண்டாம் முறை நசுங்காது. அது உட்காரும் இடத்தில் கரி ஒட்டியிருந்தாலும் அதே நிலைமைதான். எரிந்த வாயு பக்கவாட்டில் கசிந்து, ‘சக் சக்’ என்று ஒரு சத்தம் தரும், இன்ஜெக்டரைச் சுற்றித் தார் ஊற்றியதுபோல் கறுப்பாகக் கட்டும். அப்படியே விட்டால் அடுத்த முறை இன்ஜெக்டர் கழன்று வராது, இழுத்து உடைக்கத்தான் வேண்டும். சில ரூபாய் வாஷர், ஆனால் இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வைக்கும்.

ஆயில் மாற்றுவதில் எல்லாருக்கும் தெரிந்ததாக நினைத்துக்கொள்ளும் தப்புகள்தான் அதிகம். பழைய ஆயிலை இறக்கக் கழற்றும் சேம்பர் போல்ட்டின் வாஷரை மாற்றாமல் போட்டால் சொட்டும். சொட்டுகிறதென்று இன்னும் டைட் வைத்தால், அலுமினியச் சேம்பராக இருந்தால் மரை போகும். மரை போன சேம்பருக்குப் பெரிய சைஸ் போல்ட் அடித்துவிடுவது நம் ஊர் வழக்கம். அது அடுத்த ஆயில் மாற்றுவரைதான் தாங்கும். திருகும் வகை ஃபில்டர் என்றால் பழையதன் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அதன்மேல் புதிய வளையம் உட்கார்ந்தால் முதல் சில கிலோமீட்டரில் மொத்த ஆயிலும் ரோட்டில். அளவும் முக்கியம். இந்த இன்ஜினுக்குச் சுமார் 3 லிட்டர்தான். நாலு லிட்டர் கேன் வாங்கிவிட்டோமே என்று முழுதாக ஊற்றினால் உள்ளே சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். ஆயிலைக் குறைவாக வைத்து ஓட்டினால் வேறு ஆபத்து. இதில் பெல்ட் கிடையாது, டைமிங் செயின்தான். அந்தச் செயினை இறுக்கிப் பிடிப்பது ஆயில் பிரஷர். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி கிலுகிலுவென்று சத்தம் கேட்டால் முதலில் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்க வேண்டும், பிறகுதான் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

அடுத்தது தண்ணீர். தர்மபுரி மாவட்டத்தில் இதற்குத் தனியாக இடம் ஒதுக்கத்தான் வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே இங்குள்ள நிலத்தடி நீரில் இருக்கும் புளோரைடுதான் காரணம். அதோடு போர் தண்ணீர் கடின நீரும்கூட. வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளைப் பத்து படிகிறதே, அதுவேதான் ரேடியேட்டருக்குள்ளும் படிகிறது. கூலன்ட் குறைந்தால் பக்கத்துக் குழாயில் பிடித்து ஊற்றுவது ஒரு முறை அவசரத்துக்குச் சரி, வழக்கமாக்கினால் குறுகலான குழாய்கள் அடைபடும். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி, அவ்வளவுதான் கணக்கு.

கூலன்ட் ஹோஸ் மாற்றியபின் உள்ளே நிற்கும் ஏரை எடுக்காமல் விட்டாலும் சூடு காட்டும் கேஜ் நடுவிலேயே நிற்கும். உள்ளே ஒரு மூலையில் காற்றுக்குமிழ் நின்று அந்த இடம் மட்டும் வெந்துகொண்டிருக்கும். சென்சாரைச் சுற்றித் தண்ணீர் இல்லாமல் காற்று இருந்தால் அதற்குச் சூடு சரியாகத் தெரியாது. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, இன்ஜினை ஐடிலில் விட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை காத்திருந்து, ஆறிய பிறகு அளவைச் சரிசெய்ய வேண்டும். கேபினுக்குள் சூடான காற்று ஒரே சீராக வந்தால் குமிழ் போய்விட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். ரேடியேட்டர் மூடியையும் கவனியுங்கள். சுமார் ஒரு பார் அழுத்தம் பிடிக்கும் மூடி இருக்கும்வரை வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வெடித்த மூடியோ, பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் குறைந்த அழுத்த மூடியோ போட்டால் அந்தக் கணக்கு 100-ஐ நோக்கி இறங்கிவிடும். மற்றொரு பழைய வைத்தியம், இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிவது. சூடாவது நின்றதுபோல் தெரியும். உண்மையில் இன்ஜின் எப்போதும் ஜில்லென்று ஓடி டீசலைக் குடிக்கும், ஆயிலில் கசடு கட்டும்.

தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் இறக்கம் பிரேக் வேலையின் யோக்கியதையைச் சொல்லிவிடும். புதிய பேட் போட்டபின் பெடலை ஐந்தாறு முறை மிதித்து, பேடைத் தள்ளும் பிஸ்டனை வெளியே கொண்டுவராமல் வண்டியை எடுத்தால், முதல் மிதி தரையைத் தொடும். பட்டறை வாசலில் சுவரை இடிப்பதோடு போனால் புண்ணியம். அந்தப் பிஸ்டன் இருக்கும் கேலிப்பரை மாட்டும்போது பிரேக் ஹோஸ் ஒரு சுற்று முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மாதத்தில் விரியும். கேலிப்பர் நகரும் ஸ்லைடு பின்னில் சாதாரண கிரீஸ் தடவினால் அதன் ரப்பர் உறை உப்பி, பின் சிக்கிக்கொள்ளும். ஒரு பேட் மட்டும் தேய்ந்து, அடுத்தது புதிதாக இருந்தால் இதுதான் காரணம். அங்கே சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155. இறக்கத்தில் தொடர்ந்து மிதித்துச் சூடேறும்போது உள்ளே ஆவியாகி, பெடல் பஞ்சுபோல் ஆகிவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். நியூட்ரலில் இறக்கி டீசல் மிச்சம் பிடிக்கிறவர்களிடம் சொல்ல ஒன்றுமில்லை. கியரில் கால் எடுத்து வந்தால் இன்ஜெக்டர் டீசலை முழுக்க நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் ஐடிலுக்குச் செலவாகும்.

வீல் நட்டில் இரண்டு வகைத் தப்பு. பஞ்சர் கடையில் ஏர் கன்னால் அடித்து ஏற்றுவது ஒன்று, பாதி வழியில் ஸ்டெப்னி மாற்றி, மிதித்து டைட் வைப்பது மற்றொன்று. சின்ன கார்களுக்கு இறுக்கும் அளவு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரும், உங்கள் கையேட்டில் உள்ளதுதான் முடிவு. 85 என்பது அரை மீட்டர் கைப்பிடியின் நுனியில் 17 கிலோ தொங்குவதற்குச் சமம். 65 கிலோ ஆள் அதே நுனியில் ஏறி நின்றால் 320-ஐத் தொடுகிறது. நட்டு ஏறும் ஸ்டட் நீண்டுவிடும். ஒருநாள் அடுத்த முறை கழற்றும்போது முறியும். வீலும் ஹப்பும் தொடும் முகத்தில் துருவோ மண்ணோ இருந்தால் அது நசுங்கித் தளர்வு வரும். அதனால்தான் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒரு முறை மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள். தர்மபுரியில் மாற்றினால் ஓசூரில் பாருங்கள்.

சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷை மாற்றுவதில் நடப்பதை அநேகமாக யாரும் தப்பாகவே நினைப்பதில்லை. வண்டி ஜாக்கியில் தூக்கியிருக்கும், சக்கரம் தொங்கும், அப்படியே போல்ட்டை முழு டைட் வைத்துவிடுவார்கள். ரப்பர் அந்தத் தொங்கும் நிலையில் பூட்டப்பட்டுவிடுகிறது. கீழே இறக்கியதும் அது எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும். சில ஆயிரம் கிலோமீட்டரில் கிழியும். பழி, தரமில்லாத பாகத்தின் மேல் விழும். சரியான முறை, போல்ட்டுகளைக் கையால் மட்டும் முறுக்கி, ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து வண்டியின் எடை அதில் ஏறிய பிறகு கடைசி டைட். பத்து நிமிஷம் கூடுதல்.

கிளட்ச் வேலைக்கு டிரைவ் ஷாஃப்ட் கழற்றினால் கியர் ஆயில் கொட்டும். மறுபடி ஊற்றினார்களா என்று கேட்டுவிடுங்கள். பல கியர்பாக்ஸில் பக்கவாட்டு லெவல் ஓட்டையில் வழிய ஆரம்பிக்கும்வரை ஊற்றினால் சரி. கியர்பாக்ஸில் மாட்டும் எர்த் வயரும் அப்போதுதான் விட்டுப்போகும். ஸ்டார்ட்டர் ஒருநாள் சுற்றும், ஒருநாள் டிக் என்று மட்டும் சொல்லும். புது பேட்டரி வாங்கியும் தீராத ஸ்டார்ட்டிங் கோளாறுகளில் இதை முதலில் பார்க்க வேண்டும்.

டீசல் ஃபில்டர் மாற்றியதும் நேராக ஸ்டார்ட் அடிக்க வேண்டாம். கைப்பம்ப் இருந்தால் கெட்டியாகும்வரை அமுக்குங்கள், இல்லாவிட்டால் சாவியை ஆன் செய்து சில விநாடி விட்டு ஆஃப், இப்படி நாலு முறை.

இப்போது செகண்ட் ஹேண்டில் இந்த வண்டியை வாங்குவதா? கிலோமீட்டரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஏர் ஃபில்டர் பெட்டியின் பின்பக்கக் கிளிப், இன்ஜெக்டரைச் சுற்றிய நிறம், ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடிக்கு உள்ளே வெள்ளைப் பத்து, சேம்பர் போல்ட்டின் தலை உருண்டிருக்கிறதா, இந்த நாலையும் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். போல்ட் தலை உருண்டிருந்தால் சேம்பர் விலையை அங்கேயே கழித்துவிடலாம்.