இளம் பெண் பன்றிக்குத் தீவனம்: திறந்து விடுவதா, அளந்து போடுவதா?

இனப்பெருக்கத்துக்கென்று பிரித்து வைத்த பெண் பன்றிகளில் முதல் தொகுதிக்குத் தீவனத்தைத் திறந்து விட்டேன், அதாவது எப்போது வேண்டுமானாலும் வேண்டிய அளவு தின்ன விட்டேன். அடுத்த தொகுதிக்கு அளந்து போட்டேன். இனி அளப்பதுதான் என்று முடிவு செய்துவிட்டதால், இந்த அலசல் நடுநிலையாக இருக்காது.

திறந்து விட்டால் வேலை குறைவு, சண்டை குறைவு, பருவத்துக்கு வருவதும் தாமதமாகாது. அந்தப் பக்கம் அவ்வளவுதான்.

அளந்தால் பருவம் தள்ளிப்போகும் என்று பலர் பயப்படுகிறார்கள். பாதி உண்மை. எரிசக்தியைக் கடுமையாக வெட்டினால் சினைப்பையைத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் சுரப்பு மந்தமாகி, முட்டைகள் முதிராமல் நின்றுவிடும். ஆனால் தினமும் 600 கிராமுக்குக் குறையாமல் எடை ஏறுகிறதென்றால் மிதமான வெட்டால் பெரிய தாமதம் வருவதில்லை. 160 நாள் வயது வாக்கில் முதிர்ந்த ஆண் பன்றியைத் தினமும் பக்கத்தில் விட்டால் பருவம் தானாக முந்தும்.

என் முடிவைத் தீர்மானித்தது பருவ வயது அல்ல, முதல் முறை சினைக்கு விடும்போது இருக்கும் எடை. இரண்டாவது அல்லது மூன்றாவது சினைப்பருவத்தில் 135 முதல் 150 கிலோ இருந்தால் நல்லது. திறந்து விட்டவை அதற்குள் 170 கிலோவைத் தொட்டுவிட்டன. சரி, கொழுகொழுவென்று இருந்தால் என்ன கெட்டது? 140 கிலோ பன்றியைவிட 170 கிலோ பன்றிக்கு உடம்பைத் தக்கவைக்கவே தினமும் சுமார் 200 கிராம் தீவனம் கூடுதலாகத் தேவை. வருஷத்துக்கு 70 கிலோவுக்கு மேல், அதுவும் ஒரு குட்டிகூட அதிகம் தராமல். பணத்தைவிடப் பன்றிகளின் கால்கள்தான் என்னை அதிகம் வருத்தின. வேகமாக ஏறிய எடையை மூட்டு தாங்காமல் நொண்டியவற்றை முதல் ஈற்றோடு கழிக்க வேண்டியதாயிற்று. கொழுத்தவை ஈன்ற பிறகு சரியாகத் தின்பதும் இல்லை. பால் கொடுத்தே உடம்பு கரைந்து, அடுத்த சினை தள்ளிப்போகிறது.

அளந்து வளர்த்ததில் இன்னொரு லாபம் உண்டு. சினைக்கு விடுவதற்கு முந்தைய 10 முதல் 14 நாள் தீவனத்தைத் தாராளமாக்கினால் இன்சுலின் உயர்ந்து கருமுட்டைகள் கூடுதலாக வெளிவரும். ஏற்கெனவே வயிறு நிறையத் தின்பவற்றுக்கு இந்த ஏற்றம் கிடைக்காது. சினைக்கு விட்ட மறுநாளே பழைய அளவுக்கு இறக்கிவிடுகிறேன். அந்த நாட்களில் அதிகத் தீவனம் கருவைப் பாதிக்குமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. இரண்டு தொகுதி பார்த்த நானும் அடித்துச் சொல்ல மாட்டேன்.

அப்புறம், நான் செய்த ஒரு தப்பு. முதலில் அதே கலவையை அளவில் மட்டும் குறைத்தேன். எரிசக்தியோடு லைசின் (புரதத்தில் உள்ள அவசியமான அமினோ அமிலம்), கால்சியம், பாஸ்பரஸ் எல்லாமே குறைந்து போயின. வெட்ட வேண்டியது எரிசக்தியை மட்டும். தானியத்தைக் குறைத்துத் தவிடு போன்ற நார்ப்பொருளைக் கூட்டி, புரதத்தையும் தாது உப்பையும் குறையாமல் வைத்துக் கலக்கச் சொன்ன பிறகுதான் நிலைமை சரியானது.

தொட்டியில் எல்லாப் பன்றிக்கும் ஒரே நேரத்தில் வாய் வைக்க இடம் இல்லாவிட்டால் மட்டும் அளந்து போடும் முறை வேண்டாம். முரட்டுப் பன்றி இரண்டு பங்கைத் தின்னும், பயந்தது பட்டினி கிடக்கும். அந்தக் கொட்டகைக்குத் திறந்து விடுவதே மேல்.