சிங்கெட்டியில ஒரு கிதாபு வீடு: போகலாமோ?

கிளிநொச்சியில இருந்து ஆரப்பா மேற்கு ஆபிரிக்காவில இருக்கிற மொரித்தானியாவுக்குப் போறது எண்டு கேப்பியள். பாரிசில இருக்கிற அத்தானுக்குத்தான் இந்த விசர், டிக்கெட் போட்டதும் அவர்தான், நான் கூட இழுபட்டுப் போனன். சிங்கெட்டி அங்க சகாராப் பாலைவனத்துக்குள்ள இருக்கிற பழைய ஊர், கையால எழுதின பழைய கிதாபுகளை, அதான் புத்தகங்களை, வீடுகளில சேத்து வைச்சிருக்கினம். அத்தார் எண்ட டவுனில இருந்து 80 கிலோமீற்றர் கிட்ட, கல்லும் மணலும், எங்கட ஏ9 றோட்டுக்குக் கார்ப்பெட் போட முந்தி அதில ஓடின ஆக்களுக்கு இது ஒண்டுமில்லை, ஆனா தண்ணி நிறையக் கொண்டு போங்கோ.

பழைய ஊர் முழுக்க வெறுங் கல்லுக் கட்டு, கன வீடு மணலுக்குள்ள தாண்டு கிடக்கு. 1996இல யுனெஸ்கோ உலக மரபுரிமை எண்டு அறிவிச்சது. முந்தி ஹஜ்ஜுக்குப் போற ஆக்கள் ஒட்டகத்தோட கூடிப் புறப்பட்ட இடம், அப்பிடித்தான் கிதாபுகளும் வந்து சேர்ந்திருக்கு. எல்லாம் குடும்பங்களின்ர சொத்து. ஹபொட் குடும்பத்திட்ட மட்டும் 1400 மட்டில இருக்காம், நாங்கள் போனது அதில்லை, வேற ஒரு சின்னன்.

கதவுப் பூட்டே மரம். திறப்பு பல்லு மினுக்கிற பிரஷ் மாதிரி ஒரு மரத்துண்டு, நுனியில சின்ன முளையள், உள்ள விட்டு மேல தூக்க டக்கெண்டு திறபடுது. அந்த வீட்டுக்கார ஐயா ஒரு கிதாபை எடுத்து விரிச்சார், வான சாத்திரமாம், சிவப்பிலயும் கறுப்பிலயும் வட்டம் வட்டமாக் கீறிக் கிடக்கு, கறுப்பு மை கரியும் வேலம்பிசினும் சேர்த்ததாம். நடுவில கறையான் அரிச்ச ஓட்டை, பத்துப் பதினைஞ்சு தாளுக்கு நேராப் போகுது. வெறுங் கையாலதான் திருப்பிறார், எனக்கு நெஞ்சு பக்கெண்டுது.

அம்மப்பாட்டயும் மாட்டு வைத்தியம் சொல்லுற வாகடம் ஒண்டு இருந்தது, ஓலை ஏடு, பூச்சி அண்டாமல் புகை பிடிக்கட்டும் எண்டு குசினி அடுப்புக்கு மேல செருகி வைச்சிருப்பார். 2009இல சண்டைக்குள்ள மாத்தளனில அரிசிச் சாக்கோட அதுவும் போட்டுது. அதால அத்தான், அரசாங்கத்திட்டக் குடுத்தா ஏசி போட்டு வைப்பினமே எண்டு பிரெஞ்சில கேக்கேக்க எனக்குக் கோவந்தான் வந்தது. வீட்டை விட்டுப் போனா பிறகு எங்கட இல்லையே எண்டார் ஐயா. சரிதானே.

குறை எண்டா வெளிச்சம் காணாது, ஒரு விளக்கமும் எழுதி வைக்கேல்ல, பிரெஞ்சோ அரபோ தெரியாட்டி சும்மா பாத்துக்கொண்டு நிக்க வேண்டியதுதான். தேத்தண்ணி மூண்டு தரம் ஊத்துவினம், அவசரப்பட்டு எழும்பாதையுங்கோ. 5க்கு 4 குடுப்பன்.

வெளிக்கிடேக்க அத்தான் அந்த மரத் திறப்பை விலைக்குக் கேட்டுப் பாத்தவர், ஐயா சிரிச்சுப்போட்டு அதைப் பொக்கற்றுக்குள்ள வைச்சிட்டார்.